கூடு மாறினும் பொருள் ஒன்றோ?

ஒரு பொருளின் உறுப்புகள் மாற்றப்பட்ட பின்னரும் அது பழைய பொருளேயாகுமா என்பது மெய்யியலாரின் தொன்மையான வினாக்களுள் ஒன்று. ஏதென்சு மக்கள் தீசியசின் கப்பலிற் பழுதுற்ற பலகைகளை மாற்றிப் பேணிவந்தமையையும், அதுபற்றி அறிஞரிடையே எழுந்த வாதத்தையும் புளூட்டாக் குறிப்பிடுகின்றார். 1655இல் தோமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார். கழற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் ஒருவன் இன்னொரு கப்பலை அமைத்தால், இரண்டினுள் எது தீசியசின் கப்பல்?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பழைய மோட்டார்க் காரொன்றைப் புதுப்பிக்க முனைபவரும் இதற்கு விடை கூறியே ஆகவேண்டும். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் இலங்கை வீதிகளில் நெடுங்காலம் நிலைத்த கார். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் புதிய கார்களை அரிதாக்கியமையும் இதற்கொரு காரணமாகும். இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தரையும் பக்கமும் கூரையும் ஒன்றாய் ஒட்டப்பட்ட கூடே பாரத்தைத் தாங்குகின்றது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஊர்களின் உப்புக்காற்றினால் இதன் அடித்தகடுகள் துருவேறும். துரு முற்றின், கூட்டையே மாற்றுதல் வேண்டும்.

ஆரையம்பதியிலுள்ள ஒருவர், தந்தை விட்டுச்சென்ற காருக்காகப் படுவான்கரையில் ஓடாது கிடக்கும் இன்னொரு மொரிஸ் மைனரின் கூட்டை வாங்குகின்றார் எனக் கொள்ளலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், அக்கூடு ‘பாதை’ என மக்கள் வழங்கும் தட்டைப் படகிலேயே அவ்விடத்தில் வாவியைக் கடந்திருக்கும். இன்று லொறியிற் பாலத்தைக் கடக்கும். கதவும் கண்ணாடியும் கழற்றிய கூடு கோணிவிடக்கூடியது. ஆதலின், கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்தியே அதனை ஏற்றுதல் தகும். இறக்கியபின் மட்டமான தளத்தில் வைத்து, மூலைக்கு மூலை அளந்து, இருபுற அளவும் ஒத்திருத்தலைக் கண்ட பின்னரே அச்சும் இயந்திரமும் பூட்டப்படும். அளவு பிழைத்த கூட்டிற் கதவு செவ்வனே மூடாது. சில்லுகளும் நேரே ஓடா.

இவ்வாறு எழுந்த கார் எவருடைய கார்? தந்தையின் இயந்திரம் அதில் உண்டு; தந்தை அமர்ந்த ஆசனமும் உண்டு. ஆயின், வாவிக்கு அப்பாலுள்ள குடும்பத்தினரும் அக்கூட்டைக் கண்டு, ‘இது எம்முடைய கார்’ எனக் கூறக்கூடும். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஹொப்ஸ் கற்பனை செய்த இரண்டாவது கப்பலுக்கு ஈடாக, இங்கு இரண்டாவது கார் ஒன்று மெய்யாகவே இருந்தது. மகனின் அன்பு அதனை இல்லாததாக்கிவிட முடியாது.

கூடுவிட்டுக் கூடு பாய்தலைத் தமிழ் மரபும் அறியும். இறந்த இடையனாகிய மூலனின் உடலிற் புகுந்த யோகியாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. துயருற்ற பசுக்களின்பொருட்டே அவர் அவ்வுடலை ஏற்றார். ஆயின், மூலனின் மனைவி கணவரெனக் கருதி அணுகியபோது, தமக்கும் அவளுக்கும் உறவில்லையென உரைத்து விலகினார். அவ்வுடல் அவருக்குப் பயன்பட்டது. ஆயினும் அவ்வுடல்வழி வந்த உரிமையை அவர் கொள்ளவில்லை. கிரேக்கர் எழுப்பிய வினா பொருளின் ஒருமையைப் பற்றியது. இவ்வரலாறோ, பிறிதொன்றின் கூட்டை ஏற்றவர் பிறர்க்கு எதனைச் சொல்லக் கடமைப்பட்டவர் எனக் கேட்கச் செய்கின்றது.

இதுவே கூர்ந்து நோக்கத்தக்கது. வாகனப் பதிவிற் கூட்டுக்குரிய அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் குறிக்கப்படுகின்றன. பழைய கூட்டின் எண் தகட்டைப் பெயர்த்துப் புதிய கூட்டிற் பதித்து, ஒன்றும் மாறாததுபோற் காட்டுவது எளிது. ஆனால் அக்கூடு முன்பு விபத்தில் நெளிந்ததாயிருக்கலாம்; களவு போனதாகவும் இருக்கலாம். அவ்வுண்மை மறைக்கப்பட்டால், நாளை அதனை வாங்குபவர் தம் பிள்ளைகளை அறியாத ஆபத்தில் ஏற்றிச்செல்வார். களவு கொடுத்தவரோ தம் பொருளை மீட்கும் வழியையும் இழப்பார்.

ஆதலின், ‘அதுவே இது’ எனும் கூற்று ஒரு வாக்குறுதியுமாகும். கூடு மாறிய காரைத் தந்தையின் நினைவாகப் போற்றுவதிற் குற்றமில்லை. எது மாறியது, எங்கிருந்து வந்தது என்பவற்றைப் பதிவிலும் விற்பனையிலும் வெளிப்படக் கூறுதல் வேண்டும். பொருள் ஒன்றோ இரண்டோ என்ற வாதம் தொடரலாம். அதன் முடிவுக்குக் காத்திராமலே உண்மையுரைக்கும் கடமை புதுப்பித்தவரைச் சார்கின்றது.