கருத்தடையும் கொல்லாமையும்

உரியவரின்றித் தெருவில் திரியும் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து மீண்டும் அவை வாழ்ந்த இடத்திலேயே விடுதலும், பழகுந் தன்மையுள்ள குட்டிகளை வளர்ப்பார்க்குக் கொடுத்தலும் பல நாடுகளில் நடைபெற்றுவரும் தொண்டாகும். இத்தாலி தேசத்து 1991-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தெருப்பூனைகளைத் துன்புறுத்தலை விலக்கி, அவற்றிற்குக் கருத்தடை செய்து அவ்வவற்றின் கூட்டத்திலேயே சேர்க்குமாறு விதித்தது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவர்க்கு இஃது உடன்பாடாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிறக்கவொட்டாது தடுத்தல் கொலையோடொக்கும். உயிர் வினைநுகர்ந்து கழித்தற்குரிய வாயிலை அடைத்ததுமாம் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. உயிர் அநாதி, கருவிற் புதிதாகத் தோன்றுவதன்று. கொலையாவது உயிரை அது நின்ற உடம்பினின்று பிரித்தல். கரு அமையாதவிடத்துப் பிரித்தற்கு உடம்பில்லை. வினைக்கீடாகத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிப்பவன் இறைவனாதலின், எண்பத்துநான்கு நூறாயிரம் யோனி பேதங்களுள் ஒரு வயிறு அடைபட்டதனால் அவனாணை தடைப்படாது. சூல்கொண்ட பூனையை அறுத்தலோ வேறு. ஆண்டு உயிர் உடம்போடு கூடிற்று. பூனையின் சூல் 9 வாரமேயாதலின், ஈன்று பாலூட்டி முடியுங்காறும் பொறுத்தலே சைவர்க்குத் தக்கது.

இனி, பசியானும் நோயானும் அவை மாய்தல் பிராரத்தம். நாம் இடைப்புகுதல் வேண்டா என்பாரும் உளர். அங்ஙனமாயின் பசித்தார்க்குச் சோறிடுதலும் பிணியாளர்க்கு மருந்திடுதலும் கூடாவாம். பிறிதோருயிரின் வினையை அளந்தறிதல் நம்மாலாகாது. அதன் துயர்கண்டு நாம் செய்வதும் செய்யாதொழிவதும் நமக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதே நாம் அறிவது.

அற்றேல், கத்தியிடுதல் இன்னா செய்தலன்றோ எனின், வினாவின் வலியெல்லாம் ஈண்டே உளது. மருத்துவன் பிணியாளனை அறுத்தல் அவன் பிணி தீர்த்தற்கு. பூனையோ பிணியுற்றதுமன்று, வேண்டிக்கொண்டதுமன்று. ஆதலின் இச்செயல் குற்றம் சிறிதுமற்றதென யாம் கூறத் துணியோம். ஆயினும் இதனை விலக்குவார் செய்வது யாது? பெண்பூனை 5 திங்களிலேயே சூல்கொள்ள வல்லது. ஓராண்டிற் பன்முறை ஈனும். நம்மவருட் சிலர் கொல்ல அஞ்சி, கண்விழியாக் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையிலும் கோயில் மதிலோரத்தும் விட்டுவந்து பழிநீங்கினோமென்று தேறுகின்றனர். தாய்ப்பாலினின்று பிரித்தமையே அக்குட்டிகட்குக் கூற்று. திருவாயிலில் விடுதல் சிவனிடம் ஒப்புவித்ததாகாது. தம் கடனைக் கைவிட்டதேயாம்.

ஆகவே, மயக்கமருந்தால் நோவறியாமற் செய்தலும், செய்தபின் அவ்வுயிர் உள்ளளவும் சோறும் நீரும் மருந்தும் உதவுதலும் இதற்கு இன்றியமையாதன. தொல்லை ஒழிந்ததென்று செய்து கைவிடுவார்க்கு இஃது இன்னாமையே. இரங்கிச் செய்து புரப்பார்க்கு அருளின்பாற்படும். சிவஞான சித்தியார் அறமென வகுத்தவற்றுள் அன்பும் அருளும் அடங்கும். திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் தாமே வந்து தங்கிய பூனைகளுக்கு அவ்விடத்தார் முற்பட்டு இதனைச் செய்வாராயின், மதிலோரத்துச் சாக்குமூட்டைகள் குறையும். அதுவே கொல்லாமை.

திருச்சிற்றம்பலம்.