வாக்கைக் காக்க வெளியேறியவர்

கன்னியர் மடத்தை விட்டு வெளியே வரும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததுதான். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறியவள் என்பார்கள். அந்த வாக்கை மடமே கைவிட்டிருந்தால்? எழுத்தாளர் பாமாவின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி இது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கத் திருச்சபையை உலுக்கியது. லத்தீன் பூசை தமிழானது. 1965 அக்டோபரில் வந்த துறவற வாழ்வு பற்றிய ஆணை, ஒவ்வொரு சபையும் தன்னைத் தொடங்கியவரின் நோக்கத்துக்குத் திரும்பட்டும், உடை முதற்கொண்டு காலத்துக்கேற்ப மாறட்டும் என்றது. அமெரிக்காவில் அந்த ஆண்டு ஏறத்தாழ 1,80,000 கன்னியர் இருந்தார்கள். 2014இல் 50,000கூட இல்லை.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு. உடை எளிதில் மாறியது. சாதி மாறவில்லை.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில் 1958இல் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. ஆசிரியராக இருந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்கு, அதிலும் தம் மக்களின் பிள்ளைகளுக்கு, உழைக்கலாம் என்று நம்பி, வேலையை விட்டுவிட்டு 1985இல் ஒரு கன்னியர் சபையில் சேர்ந்தார். சபையைத் தொடங்கியவர் ஏழைகள்மேல் வைத்திருந்த அன்பைப் பற்றி அவர் படித்திருந்தார். சங்கம் சொன்ன ‘தொடக்க நோக்கம்’ என்பதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உள்ளே கண்டது வேறு. பள்ளிகள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு. கூட்டுவது, பெருக்குவது, கழிப்பறை கழுவுவது தலித்துகளுக்கு. சில சபைகள் தலித் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதையும் பயிற்சிக் காலத்தில்தான் கேள்விப்பட்டார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு. மடத்துச் சுவருக்கு வெளியே பசி. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடோ கேள்வி கேட்கும் வாயை அடைத்தது. ஏழாண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு 1992இல் வெளியேறினார். கையில் காசில்லை, வேலையில்லை. அந்த வலியில் பிறந்ததுதான் அவரது தன்வரலாற்று நூலான ‘கருக்கு’. அந்த நூலுக்காகச் சொந்த ஊரே சினந்து, சில மாதங்கள் அவரை உள்ளே விடவில்லை.

உள்ளே இருந்துகொண்டே போராடிய சிஸ்டர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அவர்கள் உழைப்பு சிறிதல்ல. ஆனாலும் ஏழைகளோடு இருப்பேன் என்பதுதான் பாமா கொடுத்த வாக்கு. அதை மடத்துக்குள் காக்க முடியாதபோது வெளியே வந்து காத்தார். பின்னர் உத்திரமேரூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார், எழுதுவதையும் விடவில்லை. இதை வாக்கு மீறல் என்பது அநியாயம்.

2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். திருச்சபைக்குள் தலித்துகள் ஒதுக்கப்படுவதை இந்திய ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது 2016 டிசம்பரில். ‘கருக்கு’ வந்து 24 ஆண்டுகள் கழித்து.

கூடுவாஞ்சேரியிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இன்று பள்ளியும் விடுதியும் நடத்தும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: புதிதாகச் சேர வரும் பெண்ணிடம் சபை வரலாற்றோடு ‘கருக்கு’ நூலையும் கொடுங்கள். மடத்தின் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்று அவள் கேட்டால், பதில் சொல்லுங்கள்.