குறை சொல்லாத மனைவியின் குறை

இல்லறத்தில் சண்டை இருப்பின் அயலார் அறிவர். பெரியோர் வந்து தீர்த்து வைப்பர். சண்டையே இல்லாத வீட்டில், முதுமையை நெருங்கும் மனைவியின் உள்ளத்தில் ஓசையின்றி வளரும் மனக்குறையை யார் அறிவார்? கணவன் குடித்ததில்லை, அடித்ததில்லை, கூலியைத் தவறாமல் கொடுத்தான், பிள்ளைகளும் கரையேறினர். "உனக்கு என்ன குறை?" என்று வினவினால் அவளுக்கே விடை சொல்லத் தெரிவதில்லை. ஆயினும் குறை இருக்கிறது. அது எத்தகையது என்று ஆராய்வோம்.

ஆலைத் தொழிலாளியின் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதியது ஆலையில். அதன்படி அடுப்பு எரிந்தது வீட்டில். இரவு வேலை முடித்த கணவன் பகலில் உறங்கும்பொருட்டுக் குழந்தைகளை அடக்கி வைத்தவள் அவள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அவனுக்கு மாலையிட்டு ஓய்வு கொடுத்தனர். ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் கூலி என்று 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அவனுக்கு அளந்து வைத்திருந்தது. அவளுக்கோ ஓய்வு பெறும் வயதும் இல்லை, மாலையும் இல்லை. கணவன் வீட்டோடு தங்கியபின், மூன்று வேளைச் சமையலுடன் நடுவே இரண்டு தேநீரும் கூடின.

நம்மிற் சிலர், "ஆசையே துக்கத்திற்குக் காரணம், அவள் ஆசையை ஒழிக்கட்டும்" என்று எளிதாகக் கூறிவிடுவர். இது தம்மத்தைக் கொண்டு வாயை அடைப்பதாகும். துக்கம் உண்டு என்பதன்றோ முதல் வாய்மை? அதனை உண்டென்று ஒப்பாதவன் அதன் காரணத்தைப் பேசுவது எங்ஙனம்? மேலும், அவள் பட்டும் பொன்னும் கேட்கவில்லை. "உன் கருத்து என்ன?" என்று தன்னை ஒருவர் கேட்கவேண்டும் என்றே விரும்புகிறாள். தனக்கு உரியதை விரும்புதல் வேட்கையாகாது.

அஃது அவளுக்கு உரியதே. தீக நிகாயத்துச் சிகாலோவாத சுத்தத்தில் பகவான் புத்தர் கணவனுக்கு ஐந்து கடமைகளை வகுத்தார். மனைவியை மதித்தல், இகழாதிருத்தல், நெறி பிறழாதிருத்தல், இல்லத்தின் அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல் என்பன அவை. மனைவியின் கடமைகளை இவற்றின் பின்னரே கூறினார். கூலி கொடுத்ததோடு தன் கடமை முடிந்ததென்று எண்ணுவோர் இவ்வரிசையைக் காண்க. முதலில் நிற்பது மதிப்பு.

நகுலபிதா நோயுற்றுக் கிடந்தபோது, குடும்பத்தைப் பற்றிக் கவலற்க என்றும், தாம் பருத்தி நூற்றுப் பிள்ளைகளைக் காப்பதாகவும் நகுலமாதா தேற்றியதை அங்குத்தர நிகாயம் கூறுகிறது. அவர் தேறிக் கோலூன்றி வந்தபோது, இத்தகைய மனைவி வாய்த்தது பெரும்பேறு என்று பகவான் அக்கணவரிடமே எடுத்துரைத்தார். மனைவியின் அருமையைப் பகவானே தம் வாயால் சொன்னார் எனின், நமக்கு நா எழாதது ஏன்?

தாய்மார்களுக்கும் ஒரு சொல். பொறுமை வேறு, ஊமையாயிருத்தல் வேறு. உள்ளே பூட்டிய குறை கசப்பாகி, ஒருநாள் மருமகள்மீது பாயும். சினமின்றி, உரிய வேளையில் உண்மையைச் சொல்லுங்கள். அதுவும் நல்வாக்கே.

உபாசக அன்பர்களே! மணமாகி முப்பது, நாற்பது ஆண்டு கடந்தவர்கள், இன்றிரவு பஞ்சசீலம் ஓதியபின் மனைவியை அருகில் அமர்த்தி, அவள் மனத்திலுள்ளதைக் கேளுங்கள். குறுக்கே பேசாது கேளுங்கள். முதல்நாள் அவள், "ஒன்றுமில்லை" என்பாள். மறுநாளும் கேளுங்கள்.