வித்தும் வினையும்

முன்னோர் செய்த பாபம் சந்ததியின் தலையில் விடியுமா என்பது மனிதகுலத்தின் மிகப் பழைய விசாரங்களுள் ஒன்று. பெங்களூரின் ஈஜிபுராவில் ஒரு வண்டிக்குத் திருஷ்டி கழித்து நசுக்கிய எலுமிச்சம்பழத்திலிருந்து விதையொன்றை எடுத்துத் தோலுரித்துப் பார்ப்பவர், அவ்விசாரத்துக்கு இயற்கை தரும் விடையொன்றைக் கையில் ஏந்தியவராவார்.

அவ்வொரு விதைக்குள் இரண்டு மூன்று கருக்கள் நெருங்கிக் கிடக்கும். 1719-ல் நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக் இவ்விசித்திரத்தைக் கண்டெழுதினார். அக்கருக்களிற் பல கருவுறுதலின்றித் தாய்மரத்தின் சூல்திசுவிலிருந்தே எழுபவை என்று 1878-ல் தாவரவியலார் ஸ்ட்ராஸ்பர்கர் விளக்கினார். தாயின் உடலே மறுபடி முளைப்பதாயினும், அம்மரத்தை வாட்டும் டிரிஸ்டீசா வைரஸ் விதைவழியே இறங்குவதில்லை. ஏனெனில் அது வாழும் சாற்றுக்குழாய்கள் கருவோடு இணைவதில்லை. அதே மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டினாலோ நோயும் உடன்வருகிறது. அசுவினிப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் சுமக்கிறது. குடகு ஆரஞ்சை நலிவித்த பசுமை நோயும் பூச்சியாலும் ஒட்டுமொட்டாலும் பரவுவதே. எக்ஸோகார்ட்டிஸ் என்னும் நோய்க்கோ, கழுவாத ஒட்டுக்கத்தியின் அலகே போதும்.

விதை எப்போதும் நிர்மலமானது என்று சாதிப்பதும் சத்தியமாகாது. சோரோசிஸ் வைரஸ் சிலவகை விதைகளின் வழியே இறங்குவதுண்டு. தரையில் விழுந்த கனியின் விதையோடு பைட்டோப்தோரா என்னும் பூஞ்சாணம் போன்ற கிருமி ஒட்டிவரலாம். ஆதலால் நாற்றங்கால் வைப்போர், விதையை ஏறத்தாழ 52 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் 10 நிமிஷம் அமிழ்த்தி எடுக்கின்றனர். கிருமி மடிய, கரு பிழைத்துக்கொள்கிறது. பற்றியது வேறு, பற்றப்பட்டது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பிரத்தியட்சம் எது? செம்பிற் களிம்புபோல ஆணவமலம் ஆன்மாவை அநாதியாகவே பற்றியிருப்பினும் அதன் சொரூபமாகாது என்று சைவ சித்தாந்தம் கூறுவதும் இந்தப் பேதத்தைத்தான்.

விதையின் கதை சாஸ்திரத்துக்குப் பிரமாணமாகிவிடாது. ஆனால் நம் மனோபாவத்துக்கு அது ஒரு கடுமையான பரீட்சை. ஒரு குழந்தையின் தரித்திரத்தையும் தாழ்வையும் கண்டவுடன் அதன் குலத்தையும் பூர்வகர்மத்தையும் காரணமாக்கிவிட்டு, அக்குழந்தையைத் தீண்டிய கைகளையும் அது வளர நேர்ந்த மண்ணையும் விசாரியாமல் விடுவது, கத்தியைக் கழுவாத ஒட்டுக்காரன் விதையை நிந்திப்பதற்கு ஒப்பாகும். பிறப்பின்மேல் தோஷம் சொல்லும் உரிமை, தன் கத்தியைக் கழுவாதவனுக்கு இல்லை. கழுவியவனுக்கோ அந்நிந்தையில் நாட்டம் செல்லாது, அடுத்த கன்றை நோயின்றி வளர்க்கும் கடமையே அவன் சித்தம் முழுவதையும் கொண்டுவிடும்.