அம்மனுக்கே கணக்கா?

ஆடியில் கூழ் வார்த்து முடிந்த மறுவாரம், உத்திரமேரூர் பக்கத்து எங்கள் சிற்றூரில் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, "தலைக்கட்டு வரி எவ்வளவு வந்துச்சு, பந்தலுக்கு எவ்வளவு ஆச்சு பெரியப்பா?" என்று கேட்டான். குரலில் மரியாதை குறையவில்லை. பெரியவர் ஒன்றுதான் சொன்னார்: "அம்மனுக்கே கணக்குக் கேக்கறியாடா?"

பையன் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பதில் என்னை இன்னும் விடவில்லை. கேள்வி பந்தலைப் பற்றியது. பதிலில் அம்மன் வந்து நின்றாள்.

எப்போதோ படித்த எட்வர்ட் வின்டரின் கதை நினைவுக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரியான அவர் 1662-ல் மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு ஏஜென்ட் ஆனார். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் பெருக்கிக்கொள்கிறார் என்ற சந்தேகம் லண்டனில் எழ, 1665-ல் அவர் இடத்துக்கு ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் வந்து இறங்கினார். அந்தச் செப்டம்பரில் வின்டர் தரப்பு கோட்டைச் சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு மோதியது. ஓர் அதிகாரி உயிரிழந்தார். ஃபாக்ஸ்கிராஃப்ட் சிறையில் அடைக்கப்பட்டார். ராஜத்துரோகம் என்பது குற்றச்சாட்டு. சாட்சியம் என்ன? அவரும் மகனும் சாப்பாட்டு மேசையில் ராஜாவைக் குறைத்துப் பேசினார்களாம். அவனவன் நலனுக்குப் பிறகுதான் ராஜாவின் நலன் என்றார்களாம்.

அந்தச் சாப்பாட்டு மேசையையே சுற்றிச் சுற்றி வருகிறேன். உண்ணும் இடத்தில் வாய்க்கு வந்ததைப் பேசாத வீடு உண்டா? ஆனால் காலம் அப்படி. முதலாம் சார்லஸின் தலையை 1649-ல் வெட்டியிருந்தார்கள். அவர் மகன் 1660-ல்தான் அரியணைக்குத் திரும்பியிருந்தார். அந்த நாளில் ராஜாவின் பெயரைச் சொன்னவனை எதிர்த்துப் பேச எவனுக்குத் துணிவு வரும்? கணக்குச் சொல்ல வேண்டிய வியாபாரி, ராஜ விசுவாசியாக ஆயுதம் ஏந்தி ஏறக்குறைய மூன்று ஆண்டு கோட்டையை ஆண்டார்.

என் தாத்தா கோயில் பணத்தை வைத்திருந்தவர். திருவிழா முடிந்ததும் நீள நோட்டை விரித்து, கற்பூரத்துக்குக் கொடுத்த எட்டணா வரை உரக்கப் படிப்பார். சிறுவனாகிய எனக்குத் தூக்கம் வரும். "யாரும் கேக்கலியே, எதுக்குப் படிக்கறீங்க தாத்தா?" என்றேன். "கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்" என்றார். அவரைவிட பக்தி உள்ளவரை நான் பார்த்ததில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தவை; 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளை இட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதிலுள்ள விலக்குதான் பெரிது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபைதான் அது. அந்தக் குறை பெரியது. ஆனாலும் பெருமாள் கோயில் சுவரிலேயே மனிதர்களிடம் கணக்குக் கேட்டு வெட்டிவைத்தார்கள். பெருமாளுக்கு அதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இவ்வளவும் யோசித்த பிறகும் ஓரிடத்தில் தடுமாறுகிறேன். எங்கள் பெரியவர் விடியற்காலையில் யாரும் சொல்லாமலே கோயில் வாசலைப் பெருக்குகிறவர். அவர் பக்தி வேஷமில்லை. வின்டருக்கும் ராஜா மேல் உண்மையிலேயே பற்று இருந்திருக்கலாம். பொய்யான விசுவாசத்தை ஒருநாள் தோலுரித்துவிடலாம். மெய்யான விசுவாசமே கணக்கை மூடும் திரையாகும்போது என்ன செய்வது? யோசித்துப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை.

1668 ஆகஸ்டில், உயிருக்கும் உடைமைக்கும் உறுதி பெற்றுக்கொண்டு வின்டர் கோட்டையை ஒப்படைத்தார். ராஜத்துரோகி என்று அவர் அடைத்துவைத்த ஃபாக்ஸ்கிராஃப்டுக்கே பதவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வந்த ஆணை, அந்த ராஜாவின் பெயரில்தான் வந்தது.