சுருங்கும் நிலத்தில் யாருக்கு உரிமை?

சுந்தரவனத்துக் கோராமாரா தீவில் இன்று எஞ்சியிருக்கும் நிலத்தைவிடக் கடல் கொண்டுபோன நிலம்தான் அதிகம். அதன் அருகிலிருந்த லோஹாசாரா முன்பே மூழ்கிவிட்டது. அங்கிருந்து கிளம்பியவர்கள் தெற்கே சாகர் தீவில் குடியேறினார்கள்; கோராமாராவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கேதான் போகிறார்கள். கிழக்கே, ஆள் வசிக்காத காட்டுத் தீவுகளிலும் இதே கடல்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே இடம் பறிபோவது புலிக்கும் புள்ளிமானுக்கும் காட்டுப்பன்றிக்கும்.

வெப்பமாகும் உலகம் மனிதரையும் விலங்கையும் ஒரே நேரத்தில் இருப்பிடத்தைவிட்டுக் கிளப்பும்போது, மிச்சமிருக்கும் நிலம் யாருக்குச் சேர வேண்டும்? இது இனி வரப்போகும் கேள்வி என்பதுபோலப் பலர் பேசுகிறார்கள். சுந்தரவனத்தில் இது பழைய கேள்வி. அங்கே இதற்கு ஒருமுறை துப்பாக்கியால் பதில் சொல்லியும் ஆகிவிட்டது.

இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் இந்த அலையாத்திக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். இந்தியப் பக்கத்தில் 102 தீவுகள். அவற்றில் 54 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். ஒட்டியுள்ள நிலப்பகுதியையும் சேர்த்தால் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஓதம் ஏறும் நேரத்தில் ஆற்றுநீரின் மட்டம் பல இடங்களில் வயல்களைவிட உயரத்தில் நிற்கும். நடுவே இருப்பது மண்கரை மட்டுமே. 2009 மே 25 அன்று ஐலா புயல் அந்தக் கரைகளை உடைத்தது. உப்புநீர் வயல்களில் தேங்கியது. நெல் விளைந்த மண் சில ஆண்டுகளுக்கு எதற்கும் உதவாமல் கிடந்தது. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் கூலி வேலை தேடிப் புறப்பட்டார்கள். ஊரில் தங்கியவர்களில் பலருக்கு நண்டும் மீனும் தேனுமே வழி. அவை இருப்பது காட்டுக்குள். காட்டுக்குள் புலி இருக்கிறது. புலி அடித்து இறந்தவர்களின் மனைவியரைப் புலி விதவைகள் என்றே அங்கே அழைக்கிறார்கள். கணவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் போனார், நுழையக் கூடாத பகுதியில் இறந்தார் என்று காரணம் காட்டி அவர்களில் பலருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. சிலர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அவ்வளவு தாழ்ந்த இடத்தில் ஏன் போய்க் குடியேறினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றும், வரலாறு தெரியாதவரை. காட்டை அழித்து வயலாக்கினால் வரி வரும் என்று கணக்குப் போட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்தத் தீவுகளைக் குத்தகைக்கு விட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. காடு வெட்ட மேதினிப்பூரிலிருந்தும் சோட்டா நாக்பூரிலிருந்தும் ஏழைகள் அழைத்துவரப்பட்டார்கள். அவர்கள் எழுப்பிய கரைகள் ஓதத்தோடு வரும் வண்டலையும் தடுத்தன. ஆறு தன் படுக்கையை உயர்த்திக்கொண்டே போக, வயல் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா அணை கங்கை நீரையும் வண்டலையும் திசை மாற்றியது. டெல்டாவின் மண் தானாகவும் அமிழ்கிறது. இவற்றின் மேல்தான் கடல்மட்ட உயர்வு வந்து சேர்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கின்றன. இப்படிக் காரணங்கள் பலவாக இருப்பது பலருக்கு வசதியாக இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்த தீங்குக்குப் பத்துப் பேரும் பொறுப்பு என்பதே அறம். பங்கைப் பிரித்து அளந்து முடிக்கும்வரை பாதிக்கப்பட்டவர் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று எந்த அறநூலும் சொல்லாது.

துப்பாக்கியின் பதிலுக்கு வருவோம். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளில், பெரும்பாலும் நாமசூத்திரர் எனும் ஒடுக்கப்பட்ட சாதியினரை, அரசு மத்திய இந்தியாவின் தண்டகாரண்யத்துக்கு அனுப்பியிருந்தது. அந்த வறண்ட மண்ணில் ஒட்ட முடியாமல் 1978-இல் ஆயிரக்கணக்கானோர் வங்கத்துக்குத் திரும்பி, சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் குடியேறினார்கள். குடிசை போட்டார்கள், பள்ளி கட்டினார்கள். அது ஒதுக்கப்பட்ட காடு, அங்கே யாரும் இருக்கக் கூடாது என்றது மாநில அரசு. 1979 ஜனவரியில் படகுகளால் தீவு முற்றுகையிடப்பட்டது. உணவும் குடிநீரும் தடுக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. மே மாதத்துக்குள் தீவு காலியானது. பசியாலும் நோயாலும் குண்டாலும் இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் தீராத வழக்கு.

பல ஆண்டுகள் கழித்து அத்தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் அன்னு ஜலே, ஊர்மக்கள் சொன்ன ஒரு கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். முன்பெல்லாம் புலி ஒதுங்கிப் போகுமாம். மரிச்ஜாப்பிக்குப் பிறகு, மனிதரைவிடத் தனக்குத்தான் அரசிடம் மதிப்பு என்று தெரிந்துகொண்டு அது ஆணவம் கொண்டதாம். விலங்கியல் இதை ஏற்காது. ஆனால் இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் ஓர் ஏழைச் சமூகத்தை அவமதித்தால் அந்த அவமதிப்பு விலங்கின் மேல் பகையாகப் போய் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. புலியின் பொருட்டுச் செய்ததாகச் சொல்லப்பட்ட அநீதி புலிக்கும் நன்மை செய்யவில்லை.

அப்படியானால் புலியின் உரிமையைக் கைவிட்டுவிடலாமா? முடியாது. அலையாத்திக் காடு புயலின் வேகத்தைத் தணிக்கிறது, கரியைச் சேமிக்கிறது, சுற்றுலாவால் பணம் வருகிறது, ஆகவே காட்டையும் புலியையும் காக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதம் புலியைக் காவலாளியாகப் பார்க்கிறது. நாளைக்கு மலிவான காவலாளி கிடைத்தால் புலி தேவைப்படாது. புலிக்குரிய நியாயம் அதன் பயனில் இல்லை. வாழ விரும்பும் ஓர் உயிர், தான் செய்யாத குற்றத்துக்காக இடம் இழக்கிறது. கோராமாராவின் விவசாயியைப் பற்றிச் சொல்லும் அதே வாக்கியம்தான் இது. இதை ஒருவருக்கு மட்டும் பொருத்தி மற்றவருக்கு மறுக்க நேர்மையான காரணம் ஏதுமில்லை.

விலங்குகளின் இழப்புக்கு முறையிட ஆள் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவில், பிராம்பிள் கே என்ற சிறு மணல் தீவில் மட்டும் மெலோமிஸ் எனப்படும் ஒருவகை எலி வாழ்ந்தது. உயர்ந்த கடல் தீவின் செடிகொடிகளை அடித்துக்கொண்டு போனது. அந்த எலியைக் கடைசியாகப் பார்த்தது 2009-இல். அதற்கு முந்தைய ஆண்டே மீட்புத் திட்டம் எழுதப்பட்டிருந்தது. 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அதை அழிந்த இனமாக அறிவித்தது. மனிதர் உண்டாக்கிய காலநிலை மாற்றத்தால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். நீந்திப் போக அதற்குப் பக்கத்தில் வேறு தீவு இருந்திருக்கவில்லை.

சுந்தரவனப் புலியும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது. தெற்கே கடல், வடக்கே ஊர்களும் காட்டை அவற்றிலிருந்து பிரிக்கும் நைலான் வலைகளும். உப்பு கூடக் கூட, காட்டுக்குப் பெயர் தந்த சுந்தரி மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. வங்கதேசப் பகுதியில் புலிக்கு ஏற்ற வாழிடம் 2070-க்குள் இல்லாமலே போகக்கூடும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. மனிதர் வேறு ஊரில் வாழலாம். கடினம்தான், ஆனால் முடியும். இந்தப் புலிக்கு வேறு ஊர் கிடையாது.

இருவரில் ஒருவரால்தான் நகர முடியும் என்றால், நகர முடிந்தவர் நகர்வது சரியே. ஆனால் நகர முடிந்தவர் என்பதற்காக அந்தச் செலவையும் துயரத்தையும் அவரே சுமக்க வேண்டும் என்பது அநியாயம். மரிச்ஜாப்பியில் நடந்தது அதுதான். ஆபத்தான விளிம்புத் தீவுகளிலிருந்து மக்கள் படிப்படியாக, திட்டமிட்டு வெளியேற உதவி, அந்த நிலத்தை அலையாத்திக்கு விட்டுக்கொடுக்கும் யோசனையை டபிள்யூ.டபிள்யூ.எஃப் இந்தியா 2011-லேயே முன்வைத்தது. திசை சரியானது. அறம் சோதிக்கப்படுவது அதை நடத்தும் முறையில். உடைந்த கரையைக் கட்டாமல் விட்டுவிட்டு, பிறகு வெளியேறச் சம்மதமா என்று கேட்பது சம்மதம் கேட்பதாகாது. பட்டா கையில் வந்த பிறகுதான் பழைய வீட்டைவிட்டு இறங்கச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகவே போக வேண்டும்; பக்கத்து வீட்டாரையும் இழந்தவர் இரண்டு முறை இழக்கிறார். சாகர் தீவில் முதலில் வந்தவர்களுக்குப் பயிரிட நிலம் கிடைத்தது. பின்னால் வந்தவர்களுக்கு அளவு குறைந்துகொண்டே போனது. அந்தச் சாகர் தீவின் கரையும் இப்போது அரிபடுகிறது.

செலவு யாருடையது? வங்கதேசத்தில் சராசரி மனிதர் ஓர் ஆண்டில் வெளியிடும் கரியமில வாயு ஒரு டன்னுக்கும் குறைவு. அமெரிக்கருக்கு அது சுமார் 14 டன். கடனாளி யார் என்பதில் குழப்பம் இல்லை. எனினும் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் கடலால் துரத்தப்பட்டவரை அகதியாகக் கருதாது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைச் சேர்ந்த அயோனே தெய்ட்டியோட்டா, கடல் ஏறுவதைக் காரணம் காட்டி நியூசிலாந்தில் தங்க அனுமதி கேட்டுத் தோற்றார். ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் உயிருக்கே ஆபத்தான நிலைக்கு ஒருவரைத் திருப்பியனுப்புவது உரிமை மீறலாகலாம் என்ற கொள்கையை அக்குழு ஏற்றது. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி 2022-இல் எகிப்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. தேவைக்கு முன்னால் இதுவரை அளித்த வாக்குறுதிகள் மிகச் சிறியவை. இதைச் சொல்லும்போது இந்திய நகரங்களின் பங்கை மறைப்பதும் சரியாகாது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு புலியைக் காக்கச் சொல்பவர், அதற்கான விலையைக் கோராமாராவின் மீனவர் தலையில் கட்டக் கூடாது.

கடன்பட்டவருக்கு அடுத்தபடியாகப் பொறுப்புள்ளவர், வந்தவரை ஏற்கும் ஊர்க்காரர். ஐலாவுக்குப் பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பியவர்களில் சிலர் தமிழகக் கட்டுமானத் தளங்களில் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். வேலையைப் பறிக்க வந்த வடக்கத்தியர் என்ற ஒரே பார்வையில் அவர்களை அடக்கிவிடுகிறோம். அவர்களுக்கு உரிய கூலி, இங்கேயே வாங்கக்கூடிய ரேஷன் அரிசி, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், விபத்து நேர்ந்தால் இழப்பீடு ஆகியவற்றை ஒப்பந்ததாரரின் மனம்போல விடாமல் உறுதிசெய்ய, உலக மாநாடு எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தொழிலாளர் துறை அலுவலகமும் ஒரு வார்டு உறுப்பினரும் நினைத்தால் தொடங்கிவிடலாம்.