ஊக்கம் கட்டளைக்குப் பணியுமா?

கண்டியிலிருந்து அம்பிட்டியவினூடாகத் தலாத்துஓயாவுக்குச் செல்லும் மலைவீதியில், விடுமுறை நாட்களில் விருப்போடு மோட்டார் சைக்கிள் செலுத்திய இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்வோம். பின்னர் அதே வண்டி அவனது பிழைப்புக்கான கருவியாகின்றது. பகல் முழுவதும் பொதி சுமக்கின்றான். 2022இன் எரிபொருள் நெருக்கடியும் வந்து சேர்கின்றது. வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டுமே பங்கீடாகக் கிடைத்த அந்நாட்களில் வண்டி அவனுக்குக் கவலைப் பொருளாயிற்று. நெருக்கடி தணிந்தபின் பெற்றோல் திரும்பியது, விருப்பம் திரும்பவில்லை. இது அவனுடைய குற்றமா?

துறவியர் இந்நோயை நன்கறிவர். 1893இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ நிறுவிய குருமடத்தால் அம்பிட்டிய பெயர் பெற்றது என்பதால், அவர்களை இங்கு நினைப்பது பொருத்தமே. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் இச்சலிப்பை நண்பகற் பேய் என்றார். பகற்பொழுது நகராததுபோலத் தோன்றும். செய்யும் பணியும் இருக்கும் இடமும் வெறுத்துப்போகும். அறையை விட்டகலாது பொறுத்திருப்பதே அவர் கூறிய மருந்து. பின்வந்தோர் இதனைச் சோம்பல் என்னும் பாவத்துள் அடக்கினர்.

இங்கேதான் பிழை நேர்ந்தது எனலாம். வள்ளுவர் ஊக்கமுடைமையை அடுத்து மடியின்மையை வைத்தார். ஆயின் அவர் கடிந்த மடி, செய்யவேண்டியதைச் செய்யாதவனுடையது. நம் இளைஞனோ அளவுக்கு மிஞ்சிச் செய்தவன். 1974இல் இந்நிலையை எரிந்து தீர்தல் எனப் பொருள்படும் சொல்லாற் குறித்த உளவியலறிஞர் ஃபிராய்டன்பர்கர், அர்ப்பணிப்பு மிக்கோரே இதற்கு எளிதில் இரையாவர் என்றார். அணைந்த அடுப்பையும் மூட்டாத அடுப்பையும் ஒன்றெனக் கொள்வது நீதியன்று.

அதே 1974இல் வெளிவந்தது றொபேட் பேர்சிக்கின் ‘சென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. (121 பதிப்பகங்கள் மறுத்த நூல் அது!) வண்டி பழுதுபார்ப்பவனுக்கு முதல் வேண்டியது ஆயுதமன்று, ஊக்கமே என்பது அவர் கருத்து. சலிப்பு வந்தால் வேலையை நிறுத்து, உறங்கு என்கின்றார். எவாகிரியுஸ் ‘இரு’ என்கின்றார். பேர்சிக் ‘விடு’ என்கின்றார். முரண்போலத் தோன்றினும், ஊக்கத்தைக் கட்டளையிட்டு அழைக்கலாம் என இருவரும் கருதவில்லை. ஊக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு உள்ளே இறைவன் உறைதல் என்பது பொருள். உறைய வருபவரை வற்புறுத்த இயலாது, வாயிலைத் துப்புரவாக்கலாம்.

வண்டிக்காரனுக்கு அத்துப்புரவு மிக எளியது. சங்கிலியின் அழுக்கைத் துடைத்து எண்ணெயிடுதல், பொதியும் நேரக்கணக்கும் இன்றி ஒரு காலை தலாத்துஓயாவரை போய்வருதல். ஒரு வளைவில் வண்டி சாயும்போது உடல் தானாகச் சாய்வதை அவன் மீண்டும் உணரக்கூடும்; உணராமலும் திரும்பக்கூடும்.

ஆயினும் ஓய்வு கொள் என்னும் அறிவுரை, ஓய்வு கொள்ளக்கூடியவனுக்கே உதவும். நாட்கூலிக்கு ஓடுபவன் ஒரு காலையை விட்டால் அன்றைய வருவாயையும் விடுகின்றான். அவனது சலிப்பை மனத்தின் குறை எனப் பேசுவோர், அந்தக் காலைப்பொழுதின் விலையை அவனுக்கு வேலை கொடுப்போரிடமும் கேட்டல் வேண்டும்.